ரோமுக்குப் போறீங்களா? கொலோசியத்துக்கு முன்னாடி எட்ருஸ்கன் கல்லறையைப் பாருங்க: முழுமையான வழிகாட்டி

ரோம் போற நம்ம ஆளுங்களோட ப்ளான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், முதல் நாள் கொலோசியம், ரெண்டாவது நாள் வாட்டிகன், மூணாவது நாள் ட்ரெவி நீரூற்றுல காசு போட்டுட்டு ஃப்ளைட் ஏறிடறது. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா தொல்லியல்ல கொஞ்சமாச்சும் ஆர்வம் இருக்குன்னா இந்த வரிசை உதவாது, ஏன்னா கொலோசியம் திறந்ததே கி.பி. 80ல தான், அதுக்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்னாடியே டைபர் ஆத்துக்கு வடக்கே ஊர் கட்டி, பாறையைக் குடைஞ்சு கால்வாய் வெட்டி, ஏதென்ஸ்ல இருந்து பானை இறக்குமதி பண்ணி வாழ்ந்தவங்க எட்ருஸ்கன்கள். ரோமோட முதல் முன்னூறு வருஷம் அவங்க நிழல்லதான் போச்சு, ராஜாக்கள்ல கடைசி மூணு பேர்ல ரெண்டு பேரு எட்ருஸ்கன் வம்சம்னு ரோமானியர்களே எழுதி வெச்சிருக்காங்க. அதனால நான் சொல்ற வரிசை என்னன்னா முதல்ல எட்ருஸ்கன் கல்லறை, அப்புறம் மியூசியம், கடைசியா ரோம். இந்த வரிசையில போனா ரோம்ல நீங்க பாக்கற கல்லு, படிக்கட்டு, சாக்கடை வரைக்கும் வேற மாதிரி தெரியும்.

படி 1: கிளம்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டியது

ரொம்பப் படிக்க வேணாம், கொஞ்சம் போதும். வடக்கே ஆர்னோ ஆறு, தெற்கே டைபர் ஆறு, மேற்கே கடல், இதுக்குள்ளதான் எட்ருஸ்கன்களோட முக்கியமான பூமி. ஒரே ராஜ்ஜியமா இருந்ததில்ல, வேயி, கேரே, டார்க்வினியா, வுல்சின்னு ஒவ்வொரு ஊரும் தனி அரசு, ஒருத்தருக்கு ஒருத்தர் பெருசா உதவிக்கவும் மாட்டாங்க, ரோம் ஒவ்வொண்ணா விழுங்கினப்ப அதுதான் வினையாப் போச்சு.

காலத்தை இப்படி வெச்சுக்கோங்க. கி.மு. 900 வாக்குல வில்லனோவன்னு சொல்ற ஆரம்ப கட்டம், அப்ப பிணத்தை எரிச்சு சாம்பலைப் பானையில போட்டு குழிக்குள்ள வெப்பாங்க, சில சாம்பல் பானை குடிசை வடிவத்துலயே இருக்கும், கதவு கூரை எல்லாம் செஞ்சிருப்பாங்க. கி.மு. 8-ம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து எல்பா தீவு இரும்பு, கிரேக்கர் ஃபினீசியர் வியாபாரம்னு பணம் கொட்ட ஆரம்பிக்குது, கல்லறைகள் பெருசாகுது. கி.மு. 474ல கூமே கடல் சண்டையில சிராகூஸ்காரங்ககிட்ட தோத்தாங்க. 396ல வேயி ரோம் கையில விழுந்துச்சு, 264ல வோல்சினிங்கற இன்னொரு எட்ருஸ்கன் ஊர். கி.மு. 90 வாக்குல எல்லாருக்கும் ரோமானிய குடியுரிமை கிடைச்சிருச்சு, அதுக்கப்புறம் கொஞ்ச தலைமுறையில அந்த மொழியைப் பேச ஆள் இல்ல.

இதை எல்லாம் மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. எட்ருஸ்கன் வீடு, கோயில் எல்லாம் மரத்தாலயும் பச்சை மண் கல்லாலயும் கட்டினது, கூரைக்கு மட்டும் சுடுமண் ஓடு, அதனால மேல நின்ன எதுவும் இன்னைக்கு இல்ல. அது மட்டுமில்லாம பெருஜா, ஒர்வியேட்டோ, அரெட்ஸோ மாதிரி ஊர்கள்ல அவங்க நகரத்து மேலயே இன்னைக்கும் ஜனங்க குடியிருக்காங்க, தோண்டவும் முடியாது. ஆனா கல்லறையை மட்டும் பாறையைக் குடைஞ்சு, வீடு மாதிரியே செஞ்சு வெச்சாங்க. அதனால தொல்லியல்காரங்க வீட்டைப் பத்தி தெரிஞ்சிக்கறதே செத்தவங்களுக்குக் குடைஞ்ச அறைகளைப் பாத்துத்தான். இதுல ஒரு சிக்கலும் இருக்கு, குடைய வசதி உள்ளவன் கல்லறைதான் மிச்சம், வயல்ல வேலை செஞ்சவன், அடிமை, இவங்க எல்லாம் எப்படி இருந்தாங்கன்னு இந்தப் பாறை சொல்லாது.

படி 2: செர்வெத்தேரி, ஒரு முழு நாள்

பழைய பேர் கேரே. ரோம் மெட்ரோ ஏ லைன்ல கோர்னேலியா ஸ்டேஷன்ல இறங்கினா வெளியில இருந்து நீல கலர் கோட்ரல் பஸ் போகும், டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே புகையிலைக் கடையில வாங்கி வெச்சுக்கிறது நல்லது. ஊர்ல இறங்கி பான்டிட்டாச்சாங்கற கல்லறைக் காடு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் கிட்ட நடக்கணும், வெயில்ல தொப்பி தண்ணி இல்லாம போகாதீங்க. 2004ல டார்க்வினியாவோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க.

உள்ள போனதும் இது சுடுகாடா ஊரான்னு சந்தேகம் வரும். ரெண்டு பக்கமும் புல் முளைச்ச பெரிய வட்ட மேடுகள், அடியில பாறையை செதுக்கி எடுத்த வளையம், நடுவுல வண்டித் தடம் பதிஞ்ச தெரு. இந்த மேட்டைத்தான் டுமுலஸ்னு சொல்றாங்க, பெருசு 40 மீட்டர் அகலம் வரைக்கும் போகும். இதுல எதை எப்படிப் பாக்கணும்னு தெரியாம சுத்தினா பத்தாவது கல்லறையிலயே போர் அடிச்சிரும், அதனால நான் சொல்றதைப் பிடிச்சுக்கோங்க.

முதல்ல ரெண்டாம் நம்பர் பெரிய மேட்டுக்குப் போங்க. ஒரே மேட்டுக்குள்ள வேற வேற காலத்துல குடைஞ்ச நாலு கல்லறை இருக்கு. பழசு குடிசைக் கல்லறை, கி.மு. 7-ம் நூற்றாண்டு ஆரம்பம், உள்ள குனிஞ்சு போய் மேல பாத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் சரியற ஓலைக் கூரையை அப்படியே கல்லுல எடுத்திருப்பான். அதுக்கப்புறம் அதே மேட்டுல இருக்கற மத்த மூணையும் வரிசையாப் பாருங்க, அறை எண்ணிக்கை கூடும், வாசல்காலுக்கு வடிவம் வரும், கட்டில் வரும். சுமார் ரெண்டு நூற்றாண்டுல வீடு எப்படி மாறிச்சுங்கறதை ஒரே இடத்துல நின்னு பாக்கலாம், இதுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படாது.

உள்ள கல் கட்டில்களைக் கவனிங்க. உருண்டைக் கால் செதுக்கியிருந்தா ஆம்பளைக்கு, தலைப்பக்கம் கால்பக்கம் முக்கோணமா கூரை மாதிரி எழும்பியிருந்தா பொம்பளைக்கு. வெளியில வாசல்கிட்டயும் இதே கணக்குதான், தூண் மாதிரி சின்னக் கல்லு நட்டிருந்தா ஆண், குட்டி வீடு மாதிரி கல்லுன்னா பெண். கதவுக்கு வெளியில நின்னே உள்ள எத்தனை பேரு, யார் யாருன்னு ஒரு குத்துமதிப்பு சொல்லிரலாம்.

கி.மு. 6-ம் நூற்றாண்டு நடுவுல இருந்து மேடு கட்டற பழக்கம் குறைஞ்சு, சதுரக் கல்லறைகளை நேர் தெருவுல ஒட்டி ஒட்டி வரிசையா கட்டியிருக்காங்க, நம்ம ஊரு லைன் வீடு மாதிரியேதான், ஒரே உயரம், ஒரே அளவு வாசல். ஏன் இப்படி மாறினாங்க? ஒருசில பெரிய குடும்பங்க கையில இருந்த செல்வாக்கு பரவலாகி, நடுத்தர வசதி உள்ளவங்களும் சொந்தமா கல்லறை கட்ட ஆரம்பிச்சாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, திட்டம் போட்டு மனை பிரிச்ச மாதிரி இருக்கறதால ஊர் நிர்வாகம்னு ஒண்ணு இருந்திருக்கணும்ங்கறதும் தெரியுது.

அப்புறம் புடைப்புச் சிற்பக் கல்லறை, இது மாதுனாங்கற குடும்பத்தோடது, கி.மு. 4-ம் நூற்றாண்டு. உள்ள விட மாட்டாங்க, கண்ணாடி வழியாத்தான் பாக்கணும், ஆனா பொறுமையா நில்லுங்க. சுவர்லயும் தூண்லயும் சுண்ணச் சாந்துல வீட்டு சாமான் அத்தனையும் செஞ்சு கலர் அடிச்சு மாட்டியிருக்கான், கத்தி, கயிறு, குவளை, தலையணை, கேடயம், ஒரு நாய், கட்டிலுக்குக் கீழ ஒரு ஜோடி செருப்பு. தோண்டி எடுத்தா உலோகமும் மண்ணும்தான் கைக்கு வரும், கயிறும் துணியும் மக்கிப் போயிரும், ஆனா இங்க அது எங்க தொங்கிச்சு, எப்படி மாட்டினாங்கங்கறது வரைக்கும் தெரியுது. என்னைக் கேட்டா மொத்த இத்தாலியிலயும் இந்த ஒரு அறைக்கு ஈடு கிடையாது.

ஊருக்குள்ள இருக்கற சின்ன மியூசியத்தையும் விட்டுறாதீங்க. அங்க யூஃப்ரோனியோஸ்ங்கற கிரேக்க ஓவியர் வரைஞ்ச ஒரு பெரிய கலயம் இருக்கு, ட்ராய் போர்க் கதையில வர்ற சர்பெடான்ங்கற வீரனோட சாவுக் காட்சி, கி.மு. 515 வாக்குல ஏதென்ஸ்ல செஞ்சது. செர்வெத்தேரி கல்லறையில இருந்து திருட்டுத்தனமா தோண்டி எடுத்து, 1972ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கி, வருஷக்கணக்கா இழுபறியாகி 2008ல இத்தாலிக்குத் திரும்பி வந்தது. கலயம் வந்துருச்சு, சரி, ஆனா அது கூட என்னென்ன இருந்துச்சு, எந்த அறையில எந்த மூலையில இருந்துச்சு, யாரோட எலும்புக்குப் பக்கத்துலங்கறது திரும்ப வராது. தொல்லியல்ல பொருளை விட அது கிடந்த இடம் முக்கியம்னு சொல்றதுக்கு இதை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்ல.

படி 3: டார்க்வினியா, இருட்டுக்குள்ள ஓவியம்

ரோமோட பெரிய ரயில் நிலையமான டெர்மினியில இருந்து ட்ரெயின்ல ஒன்னேகால் ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷன் ஊருக்கு வெளியில இருக்கு, அங்கேருந்து பஸ். மான்டெரோட்சிங்கற குன்றுல சுமார் 6000 கல்லறை, அதுல 200 கிட்ட ஓவியம் உள்ளது. மேல பாத்தா வெறும் புல்வெளி, நடு நடுவுல சின்னச் சின்ன ஓட்டுக் கொட்டகை. கொட்டகைக்குள்ள படி இறங்கினா கடைசியில ஒரு கண்ணாடிக் கதவு, பட்டனை அமுக்கினா லைட் எரியும், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிரும். ஏன் உள்ள விடலன்னா நம்ம மூச்சுக் காத்து, வேர்வை, அதோட ஈரம் எல்லாம் சேர்ந்து சாந்தை உரிச்சிரும், திறந்த புதுசுல அப்படித்தான் பல ஓவியம் போச்சு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறந்து வெக்க மாட்டாங்க, மாத்தி மாத்தி விடுவாங்க, அதனால குறிப்பிட்ட ஒண்ணைப் பாக்கணும்னு கனவோட போகாதீங்க.

பாக்கற வரிசை கால வரிசையா இருக்கட்டும். முதல்ல வேட்டை-மீன்பிடிக் கல்லறை, கி.மு. 6-ம் நூற்றாண்டு கடைசி, பறவை பறக்குது, ஒருத்தன் பாறையில இருந்து கடல்ல குதிக்கறான், படகுல தூண்டில் போடறான். அடுத்து சிறுத்தைக் கல்லறை, கி.மு. 5-ம் நூற்றாண்டு, விருந்துல ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சத்துல சாஞ்சிருக்காங்க, ஒருத்தர் கையில முட்டை. கிரேக்க ஊர்கள்ல மனைவி இந்த மாதிரி விருந்துக்கு வர வழக்கமே கிடையாது, அதனால தியோபாம்பஸ்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் எட்ருஸ்கன் பொம்பளைங்களைப் பத்தி கன்னாபின்னான்னு எழுதி வெச்சிருக்காரு. அதை அப்படியே நம்பினவங்க நிறைய பேரு, ஆனா கல்வெட்டு என்ன சொல்லுதுன்னா பொம்பளைங்களுக்கு ராம்தா, தானா, வேலியான்னு சொந்தப் பேர் இருந்துச்சு, ஒருத்தனை அறிமுகப்படுத்தும்போது அப்பா பேரோட அம்மா பேரையும் எழுதினாங்க. ரோம்ல யூலியஸோட பொண்ணு யூலியா, ரெண்டு பொண்ணுன்னா ரெண்டு பேரும் யூலியாதான்.

அதுக்கப்புறம் நீலப் பேய்கள் கல்லறை திறந்திருந்தா பாருங்க, 1985ல கண்டுபிடிச்சது, கி.மு. 5-ம் நூற்றாண்டுக் கடைசி. இங்க இருந்து படம் மாறுது, விருந்து ஒரு சுவர்ல இருக்கு, இன்னொரு சுவர்ல பேய்கள் செத்தவங்களைக் கூட்டிட்டுப் போகுது. அடுத்த நூற்றாண்டு ஓர்குஸ் கல்லறையில பாம்பைப் பிடிச்சிட்டு, கழுகு மூக்கோட பயமுறுத்தற உருவங்க வந்துருச்சு. தோல்வி மேல தோல்வி, ரோம் நெருங்கி வந்துச்சு, அதனாலதான் படம் இருண்டு போச்சுன்னு ரொம்ப காலமா ஒரு விளக்கம் சொல்லிட்டு வந்தாங்க. கிரேக்கர்களோட பாதாள லோகக் கதைகள் பரவினதும் காரணம்னு இப்ப சொல்றவங்க இருக்காங்க, எனக்கு ரெண்டாவதுதான் நம்பற மாதிரி இருக்கு, சண்டையில தோக்கற எல்லா ஊரும் சுவர்ல பேய் வரையறதில்லையே.

ஒரு குட்டித் தகவல், இதுல பல கல்லறையை மண்வெட்டி இல்லாமலே கண்டுபிடிச்சாங்க. 1950கள்ல கார்லோ லெரிச்சிங்கற இஞ்சினியரோட ஆளுங்க தரைக்குள்ள கரண்ட் விட்டு எதிர்ப்பை அளந்து, வெற்றிடம் இருக்கற இடத்துல சின்னத் துளை போட்டு, கேமரா பொருத்தின பெரிஸ்கோப்பை இறக்கி உள்ள ஃபோட்டோ எடுத்தாங்க. ஓவியம் இருந்தா தோண்டு, காலியா இருந்தா அடுத்தது. 1958ல இப்படித்தான் ஓட்டப் பந்தயம், தேர்ப் பந்தயம் வரைஞ்ச ஒரு கல்லறை சிக்கிச்சு, ரெண்டு வருஷத்துல ரோம்ல ஒலிம்பிக்ஸ் நடக்க இருந்ததால அதுக்கு ஒலிம்பிக் கல்லறைன்னே பேர் வெச்சுட்டாங்க.

திரும்பறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள வித்தெல்லெஸ்கி மாளிகை மியூசியத்துல அந்த ரெண்டு சுடுமண் இறக்கைக் குதிரையைப் பாத்துட்டு வாங்க, ஒரு கோயிலோட முகப்புல இருந்தது. மூணு விருந்துக் கட்டில் வரைஞ்ச கல்லறையோட ஓவியத்தையும் சுவர்ல இருந்து கழட்டி இங்கதான் வெச்சிருக்காங்க, கண்ணாடி இல்லாம பாக்கலாம்.

படி 4: வில்லா ஜூலியா மியூசியம்

ரோம்லயே இருக்கு, போப் மூணாம் ஜூலியஸ் கட்டின தோட்ட மாளிகை, 1889ல மியூசியம் ஆச்சு. கல்லறைகளைப் பாத்த பிறகு வந்தா மட்டும்தான் இங்க இருக்கறது எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு கண்ணுக்குள்ள ஓடும்.

தம்பதி சவப்பெட்டி முன்னாடி எப்பவும் கூட்டம் இருக்கும், கி.மு. 520 வாக்குல சுடுமண்ல செஞ்சது, பான்டிட்டாச்சாவுல சுமார் 400 துண்டா கிடைச்சு ஒட்ட வெச்சது. கை விரல்களைக் கவனிங்க, ஏதோ பிடிச்சிட்டிருந்த மாதிரி இருக்கும், அந்தப் பொருள் மட்டும் இல்ல. வேயியில 1916ல கிடைச்ச அப்போலோ சிலையையும் சுத்தி வந்து பாருங்க, ஆளை விட உசரமான சுடுமண் உருவம், இது கோயில் கூரை உச்சியில நின்னது, அண்ணாந்து பாக்கறவங்களுக்காக செஞ்சது.

கறுப்பா பளபளன்னு மெல்லிசா பானைகள் வரிசையா இருக்கும், அதுதான் புக்கேரோ. பெயிண்ட் இல்ல, சூளையில காத்தை அடைச்சு சுட்டதால களிமண்ணுல இருக்கற இரும்பு கறுத்துப் போயிருச்சு, உடைஞ்ச விளிம்பைப் பாத்தா உள்ளயும் கறுப்புதான்.

பிர்ஜி தங்கத் தகடுகள்னு மூணு இருக்கு, உள்ளங்கை அளவுக்கு கொஞ்சம் பெருசு. 1964ல கேரேவோட துறைமுகத்துக் கோயில்ல கிடைச்சது, கேரே அரசன் தெஃபாரியே வெலியானாஸ் ஒரு பெண் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைப் பத்தி, ஒரு தகடு ஃபினீசியன்ல, ரெண்டு எட்ருஸ்கன்ல. எட்ருஸ்கனைப் படிக்கவே முடியாதுன்னு யூட்யூப்ல சொல்லிட்டுத் திரியறாங்க, அது தப்பு. கிரேக்கத்துல இருந்து வந்த எழுத்துதான், வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா படிக்கணும், உச்சரிக்கறதுல பெரிய பிரச்சனை இல்ல. அர்த்தம்தான் தடுமாறும், ஏன்னா சுத்தியுள்ள பெரிய மொழி எதோடயும் உறவு இல்ல, கிடைச்ச 13000 சொச்சம் எழுத்துல பெரும்பாலானது வெறும் பேரும் ஊரும்தான். நாலு சொல்லு தெரிஞ்சா கல்லறை எழுத்துல பாதி புரியும்: க்ளான்னா மகன், செக்னா மகள், புயான்னா மனைவி, ரில்னா வயசு. பானையில மீ-ன்னு தொடங்கினா நான்னு அர்த்தம், நான் லார்தியாவோடதுன்னு பானையே பேசற மாதிரி எழுதுவாங்க. இந்த மொழியில கிடைச்ச ரொம்ப நீளமான எழுத்து எங்க இருக்கு தெரியுமா, குரோஷியாவுல சாக்ரெப் மியூசியத்துல, எகிப்துல ஒரு மம்மியைச் சுத்தின துணியில. பழைய துணிப் புத்தகத்தைக் கிழிச்சு கட்டுத் துணியாக்கிட்டாங்க.

நேரம் இருந்தா வாட்டிகன் மியூசியத்துக்குள்ளயே கிரெகோரியன் எட்ருஸ்கன் பிரிவு இருக்கு, சிஸ்டைன் சேப்பலுக்கு ஓடற கூட்டம் அங்க எட்டிக்கூட பாக்காது. 1836ல செர்வெத்தேரியில திறந்த ரெகோலினி-கலாஸி கல்லறைத் தங்கம் முழுக்க அங்கதான்.

படி 5: இப்ப ரோமுக்குள்ள நடங்க

டெர்மினி ஸ்டேஷன் வாசல்லயே ஆரம்பிக்கலாம். வெளியில மஞ்சளா பெரிய பெரிய கல்லு அடுக்கின பழைய மதில் ஒண்ணு நிக்கும், சூட்கேஸை இழுத்துட்டு எல்லாரும் அதைக் கடந்து போயிருவாங்க. செர்வியன் மதில்னு பேர், ஆனா ரோமோட பழைய ராஜாக்கள்ல ஒருத்தரான செர்வியஸ் காலத்துக் கல்லு இல்ல, கி.மு. 4-ம் நூற்றாண்டு. எப்படித் தெரியும்னா கல்லு வேயி ஊர் எல்லையில இருக்கற கிரோட்டா ஓஸ்கூரா குவாரியோடது, வேயியைப் பிடிக்காம ரோமால அந்தக் குவாரியில வெட்டியிருக்கவே முடியாது. தோத்த எதிரியோட பாறையை வெட்டி தன்னோட மதிலைக் கட்டியிருக்காங்க.

அடுத்து கேப்பிட்டோலைன் மியூசியம். மார்கஸ் அவுரேலியஸ் சிலை இருக்கற ஹாலுக்குப் பக்கத்துல ரோமானியர்களோட தலைமைக் கடவுள் யூபிடர் கோயிலோட அஸ்திவாரம் தெரியும், மங்கின சாம்பல் கலர்ல டூஃபாங்கற எரிமலைச் சாம்பல் இறுகின கல்லு, கிட்டத்தட்ட 54 மீட்டர் அகலம், 62 மீட்டர் நீளம். எட்ருஸ்கன் ராஜாக்கள் ஆரம்பிச்சு கி.மு. 509ல, குடியரசு பிறந்த வருஷம், திறந்ததா மரபு. உள்ள இருந்த சுடுமண் யூபிடரைச் செய்ய வேயியில இருந்து வுல்கான்னு ஒரு சிற்பியைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதறாரு.

ரோமானியக் கோயில்ல எட்ருஸ்கன் அடையாளத்தைக் கண்டுபிடிக்க சுலபமான வழி படிக்கட்டுதான். கிரேக்கக் கோயிலுக்கு நாலு பக்கமும் படி. எட்ருஸ்கன் கோயிலுக்கு உசரமான மேடை, முன்னாடி மட்டும் படி, முன்பக்கம் ஆழமான தாழ்வாரம், பின்பக்கம் மூடின சுவர். லார்கோ அர்ஜென்டினாவுல நாலு குடியரசு காலக் கோயில் இருக்கு, 2023ல இருந்து உள்ள இறங்கி நடக்க விடறாங்க, அங்க போய் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. எல்லாரும் சீசரைக் குத்தின இடத்தைத் தேடிட்டு இருப்பாங்க, அதுவும் அங்கதான், கோயில்களுக்குப் பின்னாடி.

பழைய ரோமோட பொதுச் சதுக்கமான ஃபோரத்துல லாபிஸ் நைஜர்னு கறுப்புக் கல் தளம், 1899ல ஜாகோமோ போனிங்கற தொல்லியலாளர் அதுக்கு அடியில தோண்டினப்ப பழைய லத்தீன்ல எழுதின கல்லு ஒண்ணு கிடைச்சுது, வரிகள் மேலயும் கீழயும் மாறி மாறி ஓடுது, ராஜாங்கற சொல்லு அதுல இருக்கு. ரோம்ல ராஜாக்கள் இருந்தது கட்டுக்கதைன்னு பேசிட்டிருந்தவங்க கொஞ்சம் அடங்கினாங்க. க்ளோக்கா மாக்ஸிமா, அந்தப் பெரிய சாக்கடை, டார்க்வின்ங்கற எட்ருஸ்கன் வம்ச ராஜாக்கள் வெட்டினதா சொல்றாங்க, ஃபோரம் இருக்கற சதுப்பு நிலத்தை வடிய வெச்சதே அதுதான். பலத்தீனோ பாலத்துல நின்னு கீழ பாத்தா ஆத்துல விழற வாய் தெரியும், ஆனா இப்ப தெரியற வளைவு பின்னாடி காலத்துல திரும்பக் கட்டினது.

படி 6: சுவரைப் பாத்து காலத்தைச் சொல்லுங்க

இது கைவந்துட்டா கைடே தேவையில்ல. வெறும் பெரிய சதுரக் கல்லை சாந்து இல்லாம அடுக்கியிருந்தா பெரும்பாலும் பழசு, ராஜா காலம் இல்லன்னா குடியரசு காலம். கி.மு. 2-ம் நூற்றாண்டுல எரிமலைச் சாம்பல் கலந்த ரோமானிய கான்கிரீட் பரவுது, சுவரோட உள்பக்கம் அதுதான், வெளி முகம்தான் காலம் சொல்லும். ஒழுங்கில்லாத சின்னக் கல்லு பதிச்சிருந்தா கி.மு. 2-ம் நூற்றாண்டு பக்கம், சின்ன சதுரக் கல்லை சாய்வா வலை போல பதிச்சிருந்தா கி.மு. 1-ம் நூற்றாண்டுல இருந்து, சுட்ட செங்கல் முகம்னா பெரும்பாலும் கி.பி. 1-ம் நூற்றாண்டு, அதுக்கப்புறம். ஒரே சுவர்ல ரெண்டு மூணும் கலந்திருக்கும், ரிப்பேர் பண்ணியிருப்பாங்க, அதனால ஒரு மூலையை மட்டும் பாத்துட்டு தீர்ப்பு சொல்லாதீங்க.

செங்கல்லுல முத்திரை இருந்தா லாட்டரி. சூளைக்காரன் பேரு, சில சமயம் அந்த வருஷத்து கான்சல்கள், அதாவது ரோமோட தலைமை அதிகாரிகள் பேரு, கி.பி. 123 முத்திரை ஏகப்பட்டது கிடைக்கும். பாந்தியன் நெத்தியில அக்ரிப்பா கட்டினான்னு பெருசா எழுதியிருக்கு, ஆனா செங்கல் முத்திரைகளை வெச்சுத்தான் இப்ப நிக்கற கட்டடம் ட்ராஜன், ஹேட்ரியன் காலம்னு முடிவாச்சு, அக்ரிப்பாவுக்கு நூறு வருஷத்துக்கு மேல பிந்தினது. பழக இடம் வேணும்னா ரோமோட பழைய துறைமுக ஊர் ஓஸ்டியா அன்டிகா, கூட்டம் கம்மி, சுவர் கணக்கில்லாம இருக்கு.

படி 7: எதை நம்பக்கூடாது

ரோமை உருவாக்கினதா கதையில வர்ற இரட்டைக் குழந்தைங்க ரோமுலஸ் ரேமஸுக்குப் பால் கொடுக்கற ஓநாய் வெண்கலச் சிலை, கேப்பிட்டோலைன்ல இருக்கே, அதை எட்ருஸ்கன் சிலைன்னு எல்லாப் பாடப் புத்தகத்துலயும் போட்டாங்க. குழந்தைங்க ரெண்டும் 15-ம் நூற்றாண்டுல சேத்ததுன்னு முன்னாடியே தெரியும். ஆனா பழங்காலத்துல பெரிய வெண்கலச் சிலையைத் துண்டு துண்டாத்தான் வார்ப்பாங்க, ஓநாய் ஒரே வார்ப்புல செஞ்சதா இருக்கேன்னு சந்தேகம் வந்து, வார்ப்பு மண்ணுல கார்பன் டெஸ்ட் பண்ணினா கி.பி. 11, 12-ம் நூற்றாண்டுன்னு வருது. இன்னும் சண்டை நடக்குது, நான் கார்பன் பக்கம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல மூணு பிரம்மாண்ட எட்ருஸ்கன் சுடுமண் வீரர்கள் பல வருஷம் நின்னாங்க. கறுப்புப் பூச்சுல மாங்கனீஸ் இருக்குன்னு சோதனையில தெரிஞ்சுது, அது எட்ருஸ்கன் வழக்கமே கிடையாது. 1961ல ஆல்ஃப்ரெடோ ஃபியோரவான்டின்னு ஒருத்தர் நாங்கதான் செஞ்சோம்னு ஒத்துக்கிட்டு, தன்கிட்ட பத்திரமா வெச்சிருந்த உடைஞ்ச கட்டைவிரலைக் கொடுத்தாரு, சிலை கையில அச்சா பொருந்திச்சு.

எட்ருஸ்கன்கள் எங்கேருந்தோ வந்த மர்ம இனம்ங்கறதும் இப்படித்தான். இன்னைய துருக்கியில இருந்த லிடியாவுல இருந்து வந்தாங்கன்னு கிரேக்க எழுத்தாளர் ஹெரடோட்டஸ் சொன்னாரு, இல்ல, உள்ளூர்க்காரங்கன்னு இன்னொரு கிரேக்கர் டயனீசியஸ் சொன்னாரு. 2021ல 82 பழைய எலும்புகளோட டிஎன்ஏவைப் பாத்த ஆய்வு டயனீசியஸ் பக்கம் சாஞ்சிருச்சு, பக்கத்துல இருந்த லத்தீன்காரங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, மொழிதான் வேற.

அதே மாதிரி ரோம் அவங்களை அழிச்சிட்டுதுன்னு ஒரே வரியில முடிச்சிராதீங்க. 2022ல சான் காஷானோ தேய் பான்யிங்கற ஊர்ல வெந்நீர் ஊற்றுக் குளத்துச் சேத்துக்குள்ள இருந்து இருபதுக்கு மேல வெண்கலச் சிலை, ஆயிரக்கணக்குல காசு எடுத்தாங்க, பெரும்பாலும் கி.மு. 2-ம் நூற்றாண்டுல இருந்து கி.பி. 1-ம் நூற்றாண்டு வரைக்கும். சிலைகள்ல எட்ருஸ்கன்லயும் எழுதியிருக்கு, லத்தீன்லயும் எழுதியிருக்கு. வெளியில படை மோதிட்டிருந்த காலத்துலயும் ரெண்டு கூட்டமும் ஒரே குளத்துல வேண்டிக்கிட்டிருக்கு.

படி 8: அரெட்ஸோ, நம்ம அரிக்கமேடு

நாள் மிச்சம் இருந்தா அரெட்ஸோ போங்க. பழைய எட்ருஸ்கன் ஊர், 1553ல இங்க கிடைச்ச வெண்கலக் கிமேரா, அதாவது சிங்கம், ஆடு, பாம்பு கலந்த கதை மிருகத்தோட சிலை, இப்ப ஃபிளாரன்ஸ் தொல்லியல் மியூசியத்துல. ஆனா நான் போகச் சொல்றது சிவப்புப் பானைக்கு. ரோமானிய காலத்துல, கி.மு. 1-ம் நூற்றாண்டு கடைசியில இருந்து, இந்த ஊர் பட்டறைகள் அச்சுல வார்த்து, சிவப்பு மினுமினுப்போட, அடியில பேர் முத்திரை குத்தி தட்டும் கிண்ணமும் செஞ்சு உலகம் முழுக்க அனுப்பிச்சாங்க. அந்தத் துண்டுகள் நம்ம புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுலயும் கிடைச்சுது. 1945ல மார்டிமர் வீலர்ங்கற பிரிட்டிஷ் தொல்லியலாளர் அங்க தோண்டினப்ப இந்த ஓடுகளைத்தான் கடிகாரமா வெச்சுக்கிட்டாரு, இத்தாலியில இந்த வகை எந்த வருஷத்துல செஞ்சதுன்னு தெரியும், அப்ப அதே மண் அடுக்குல கூடக் கிடக்கற உள்ளூர்ப் பானையும் அந்தக் காலத்தை ஒட்டினதுதான். தென்னிந்தியாவுல அதுவரைக்கும் வருஷம் சொல்லத் தெரியாம கிடந்த பானை வகைகளுக்கு அப்படித்தான் முதல் முறையா ஒரு காலம் கிடைச்சுது. அரெட்ஸோ மியூசியத்துல இருக்கற முழுக் கிண்ணங்களைப் பாத்துட்டு வந்து, புதுச்சேரி மியூசியத்துல அரிக்கமேட்டு ஓடுகளைப் பாருங்க.

கடைசியா சில சில்லறை விஷயம்

திங்கக்கிழமை செர்வெத்தேரி, டார்க்வினியா, வில்லா ஜூலியா மூணுமே பெரும்பாலும் மூடியிருக்கும், நேரத்தை அவங்க சைட்ல பாத்துக்கோங்க. மாசத்தோட முதல் ஞாயிறு அரசு மியூசியங்களுக்கு இலவசம், காசு மிச்சம், ஆனா கூட்டம். கையில சின்ன டார்ச், வழுக்காத செருப்பு இல்லன்னா ஷூ கட்டாயம், கல்லறைப் படி மழை பெஞ்சா பாசி. ஜூலை ஆகஸ்ட் வேணாம், ஏப்ரல் மே இல்லன்னா அக்டோபர். நாள் கணக்கு கேட்டா செர்வெத்தேரி ஒண்ணு, டார்க்வினியா ஒண்ணு, வில்லா ஜூலியா அரை நாள், ரோமுக்குள்ள ரெண்டு, குழந்தைங்க கூட இருந்தா டார்க்வினியாவை விட செர்வெத்தேரிதான் சரி, உள்ள நுழைஞ்சு ஓடியாட விடலாம். தரையில ஓடு கிடந்தா பையில போடாதீங்க, 1909 சட்டத்துல இருந்தே மண்ணுக்குள்ள கிடைக்கறது அரசாங்கத்தோடது, ஏர்போர்ட்ல மாட்டினா விளக்கம் சொல்ல இத்தாலியன் தெரிஞ்ச வக்கீல் தேடணும். சந்தையில எட்ருஸ்கன் பானைன்னு எவனாவது காட்டினா ஒண்ணு போலி, இல்ல திருட்டு, ரெண்டுமே வாங்கற பொருள் இல்ல.